இன்னும் ஒரு முயற்சிதான் மிச்சம்

பள்ளிகளுக்குக் கணினிப் பயிற்றுநர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் என்னை போனில் அழைத்தார். பெயரைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. அவர் போயிருந்த பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டு வறுத்து எடுத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு போட்ட பிறகு எதற்கு இன்னொரு நம்பர், எங்களைப் பார்த்தால் திருடர்கள் மாதிரித் தெரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், தம்பி வாசலுக்கு வந்து நின்றுகொண்டு மெல்லிய குரலில், "சார், இந்த ரெண்டாவது பூட்டை எடுத்து விட்டுட ஏதாச்சும் வழி இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். உங்களையெல்லாம் நம்பி ஒரு மாவட்டத்துப் பள்ளிகளின் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஏச்சுக்கே பூட்டைக் கழற்றினால் எப்படி? கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். உண்மையில் கொஞ்சம் கோபம்தான். அதனால் அந்தத் தம்பிக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் நான் பார்த்த ஒரு பகல்பொழுதைச் சொல்கிறேன்.

நான் கள்ளக்குறிச்சியில் கல்வி அலுவலகத்தில் கணினிப் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிகளுக்கு இணையக் கணக்கு திறந்து கொடுப்பது, மறந்துபோன பாஸ்வேர்டுகளை மீட்டுக் கொடுப்பது, கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டால் போய் பிளக்கைச் செருகிவிட்டு வருவது, இவைதான் நான் பார்த்த வேலை. அப்போதெல்லாம் பாஸ்வேர்டு என்பது ஊர்ப் பொதுச்சொத்து. சின்னசேலம் பக்கம் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் அதைப் பெயின்டில் எழுதியே வைத்திருந்தார்கள். ஏன் இப்படி என்று கேட்டேன். சாக்பீஸில் எழுதினால் அழிந்து அழிந்து போகிறதாம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால்தான் இரண்டாவது பூட்டு வந்தது. பாஸ்வேர்டு போட்டதும் ஆறு இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் தலைமையாசிரியரின் போனில் மட்டும் தெரியும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் வந்துவிடும். மலைமேல் பல பள்ளிகளில் போனுக்கு டவரே எடுக்காது. ஆகவே அவர்களுக்கு மட்டும் போனிலேயே எண்ணைக் காட்டும் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தோம். அதற்கு சிக்னல் தேவையில்லை.

இனி மேடத்தைப் பற்றி. மலையில் ஓர் உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியை அவர். வடக்கனந்தல் பக்கத்து விவசாயக் குடும்பம். என்னைவிட வயதில் நன்றாக இளையவர், என் மகள் வயது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் இந்த வேலையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் நான் அவரைத்தான் கை காட்டுவேன். பெயரைப் போட்டால், "எனுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கோபித்துக்கொள்வார். மேடம் என்றே இருக்கட்டும்.

செயலியைப் போட்டுக்கொள்ள அவர் எங்கள் அலுவலகத்துக்கு இறங்கி வந்திருந்தார். மற்றவர்கள் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இவர் போனைக் கையைவிட்டு விடவே இல்லை. நான் சொல்லச் சொல்ல அவரே செய்தார். திரையில் இருந்த க்யூ.ஆர். கட்டத்தை போனில் படம் பிடித்தார், எண் வந்தது, போட்டார், முதல் தடவையே கணக்கு திறந்துவிட்டது.

"இந்த நம்பரை நீங்க கேட்டாலும் சொல்லக் கூடாதா சார்?"

"கூடாது மேடம்."

"எங்க அதிகாரி கேட்டா?"

"கூடாது."

"எங்க வூட்டுக்காரரு?"

"அவருக்கு எதுக்குங்க பள்ளிக்கூடத்து நம்பரு?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தார். பிறகு ஒரு சந்தேகம். மேலே போனால் சிக்னல் கிடையாதே, நிஜமாகவே எண் வருமா? நான் போனை விமானப் பயன்முறைக்கு மாற்றிக் காட்டினேன். சிக்னல் துளியும் இல்லை, எண்கள் பாட்டுக்கு மாறிக்கொண்டே இருந்தன. திருப்தியாகி மாலை பஸ்ஸில் மலைக்குத் திரும்பிவிட்டார்.

மறுநாள் எனக்கு அந்தப் பக்கமே வேலை. கீழே வர முடியாத தலைமையாசிரியர்களுக்கு அங்கேயே போட்டுக் கொடுக்க வேண்டும். காலையில் கச்சிராயபாளையம் போய் அங்கிருந்து மலை பஸ் பிடித்தேன். கோமுகி அணையைத் தாண்டிச் சாலை மேலேறத் தொடங்கியதும், பஸ்ஸில் இருந்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் போனை எடுத்து எதையோ தட்டிவிட்டு மறுபடி பையில் போட்டுக்கொண்டார்கள். டவர் போவதற்குள் வீட்டுக்குக் கடைசியாக ஒரு சேதி அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன்.

பள்ளிக்குள் நுழைந்தபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. அலுவலக அறையில் கம்ப்யூட்டர் முன்னால் கணக்கு ஆசிரியர் அந்தோணி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். சின்னசேலத்துக்காரர், துறுதுறுப்பான பிள்ளை, பள்ளியின் இணைய வேலைகளை அவர்தான் பார்ப்பார். பக்கத்தில் மேடம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுவரோரம் பெஞ்சில் ஒரு மலைக்காரர். கதவருகே சீருடையில் ஒரு பெண்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். தொறக்க மாட்டேங்குது" என்றார் மேடம்.

திரையைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி. எண் தவறு, இன்னும் ஒரு முயற்சி மட்டுமே மீதம் என்று இருந்தது. அதுவும் தவறிப்போனால் கணக்கு பூட்டிக்கொள்ளும். சென்னையிலிருந்துதான் திறந்துவிட முடியும். அதற்கு எப்படியும் ஓரிரு நாள் ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

"ஓரிரு நாள்தானே மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். கதவருகே நின்ற பெண்ணின் பெயர் கோகிலா. பன்னிரண்டாம் வகுப்பு. பெஞ்சில் இருந்தவர் அவளுடைய அப்பா. குடும்பமே மிளகு பறிக்கக் கேரளத்து எஸ்டேட்டுக்குப் போய்விட்டது, இவளும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர்களோடு போயிருந்தாள். மேடம் விடவில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய்ப் போய் அந்த அப்பாவுக்கு போன் செய்தார். கடைசியில் விடுமுறையில் எஸ்டேட்டுக்கே பஸ் ஏறிப் போய்ப் பேசி, அவளைக் கூட்டி வந்துவிட்டார். பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்களை இணையத்தில் ஏற்ற அன்றுதான் கடைசி நாள். மற்ற பிள்ளைகளின் பெயர்கள் ஏற்கெனவே ஏறிவிட்டன. தாமதமாக வந்த கோகிலாவின் பெயர் மட்டும்தான் பாக்கி.

அவளுடைய அப்பா அன்று வந்திருந்தது அதை உறுதி செய்துகொள்ளத்தான். கெட்ட மனிதர் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் கோவிச்சிக்கினு பேசல டீச்சரம்மா. பேரு ஏறுனா படிக்கட்டும், நான் தடுக்கல. ஏறலன்னா ஒரு வருசம் இங்க குந்திக்கினு இன்னா பண்ணுவா? எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திக்கினு போற மேஸ்திரி வண்டி கச்சிராயபாளையத்துல நிக்குது. சாயங்காலம் கெளம்பிடும். இந்த மத்தியான பஸ்ஸுக்குப் போனாத்தான் புடிக்க முடியும். அவ ஆத்தா அங்க தனியா கஷ்டப்பட்டுக்கினு இருக்குது."

ஆக, பஸ் வருவதற்குள் பெயர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தப் பெண் அப்பாவோடு இறங்கிப் போய்விடுவாள். ஒருமுறை வண்டி ஏறிய பிள்ளையை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வருவது எவ்வளவு பெரிய பாடு என்று மலையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"எந்தப் புண்ணியவான் சார் இந்த ரெண்டாவது நம்பரைக் கண்டுபுடிச்சான்?" என்று அந்தோணி என்னைப் பார்த்து எரிந்து விழுந்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு! பாஸ்வேர்டைப் போட்டா தொறந்துக்கும். மேடம், நீங்க கை தவறி அடிச்சிருப்பீங்க. நம்பரைச் சொல்லுங்க, இன்னொரு வாட்டி நான் நிதானமாப் போட்டுப் பாக்குறேன்."

அவருடைய கை விசைப்பலகை மேல் போனது. உங்களில் எத்தனை பேர் அந்த இடத்தில் கையைத் தடுத்திருப்பீர்கள்? நானும் இன்னொரு தடவை போட்டால் என்ன என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் மனிதனுக்குத் தோன்றுகிற முதல் யோசனை அதுதான். முன்னால் செய்ததையே இன்னும் கொஞ்சம் அழுத்திச் செய்வோம்.

மேடம் முந்திக்கொண்டார். மேசைமேல் இருந்த விசைப்பலகையை அப்படியே தூக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

அந்தோணி விடவில்லை. கச்சிராயபாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் ஓர் அண்ணனைத் தெரியுமாம், எப்பேர்ப்பட்ட பூட்டையும் திறந்துவிடுவாராம். "பாஸ்வேர்டை மட்டும் அவருக்கு அனுப்பிட்டா போதும் மேடம். மத்ததை அவரு பாத்துப்பாரு. பல ஸ்கூலுக்குப் பண்ணிக் குடுத்துக்கினுதான் இருக்காரு."

"பல ஸ்கூலுக்குப் பண்ணிக் குடுக்குறாரா?"

"ஆமா மேடம்."

"அப்போ பல ஸ்கூலு பசங்க பேரு அவரு கையில இருக்குதுன்னு சொல்லு" என்றார் மேடம். குரல் உயரவில்லை. எனக்கு உள்ளுக்குள் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

பெஞ்சில் இருந்தவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேடமும் அதைக் கவனித்தார். எழுந்து அவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார், ஒரு கையில் விசைப்பலகை அப்படியே இருந்தது. கோகிலாவிடம், "உனுக்கு இன்னாம்மா வேணும்? எங்களுக்காகச் சொல்லாத, உனுக்கு இன்னா வேணுமோ அதைச் சொல்லு" என்றார்.

"எழுதணும் மேடம்" என்றாள் அவள். அப்பா தரையைப் பார்த்தார்.

"சரி, உக்காரு" என்று சொல்லிவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார். அதன் பிறகு நடந்ததைத்தான் நான் வாழ்நாள் பூராவும் நினைத்துக்கொண்டிருப்பேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பெண்ணின் படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சந்தைக்குப் போய்த் தக்காளி விலை கேட்பதுபோல நிதானமாக என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"நேத்து உங்க ஆபீஸ்ல தொறந்துச்சு. இன்னிக்கி தொறக்கல. போன் அதே போன். பாஸ்வேர்டு அதே பாஸ்வேர்டு. நடுவுல இன்னா மாறிச்சு சார்?"

"இடம் மாறியிருக்கு மேடம்."

"இடம் மாறினா இன்னா? சிக்னல் தேவையில்லன்னு நீங்கதான காட்டுனீங்க?"

"ஆமாங்க. தேவையில்லைதான்."

"இந்த கம்ப்யூட்டருக்கு நெட்டு கேபிள்ல வருது. அதுல ஒண்ணும் கோளாறு இல்ல. அப்போ எனுக்கு ஒண்ணு புரியல." போனை என் முன்னால் நீட்டினார், திரையை மட்டும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு. "இந்த போனு யாரையும் கேக்கல, யார்கிட்டயும் பேசல. ஆனா நம்பரு போடுது. அந்தப் பக்கம் இருக்குற கம்ப்யூட்டருக்கும் அதே நம்பரு தெரியுது. ரெண்டும் பேசிக்காமயே எப்புடி சார் ஒரே நம்பரு வருது? எதை வச்சிக்கினு போடுது?"

இத்தனை பள்ளிகளுக்கு இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். படித்தவர், பதவியில் இருந்தவர் எத்தனையோ பேர். திட்டியவர்கள் உண்டு, கும்பிட்டவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. மேடத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

"முதல் நாள் படம் பிடிச்சீங்களே மேடம், அப்போ ரெண்டு பக்கமும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துக்கும். அதுக்கப்புறம் பேச வேண்டிய அவசியமே இல்ல. அந்த ரகசியத்தையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்து, ரெண்டும் தனித்தனியா ஒரே கணக்கைப் போடும். கணக்கு ஒண்ணு, மணி ஒண்ணு, அதனால விடையும் ஒண்ணு."

"மணியா?" என்றார் அந்தோணி.

"ஆமா. போன்ல ஓடுற மணி."

அந்தோணியும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததால் நானும் பார்த்தேன், பிறகு என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுவரில் இருந்தது கால் மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"மலை நேரம்!" என்று அந்தோணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

எனக்கு விளக்கிச் சொன்னது மேடம்தான். மலைக்கு வரும் மத்தியான பஸ் சொன்ன நேரத்துக்கு நிற்காது. முன்கூட்டியே வந்து திரும்பிக்கொண்டு போய்விடும். அதை விட்டால் கீழே இறங்க வேறு வழி கிடையாது. பலமுறை பஸ்ஸை விட்டு அவதிப்பட்ட ஆசிரியர்கள், பள்ளிக் கடிகாரத்தையும் தங்கள் போன்களையும் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார்கள். டவர் இல்லாத இடம், போன் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்வார்கள், திரும்ப மலை ஏறும்போது மலை நேரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். வெயிலில் குடையை விரிப்பது மாதிரி அது அவர்களுக்குக் கை தன்னால் செய்கிற காரியம். காலையில் பஸ்ஸில் நான் பார்த்ததும் அதுதான்.

"நேத்து அணையைத் தாண்டுனதும் நானும்தான் மாத்துனேன்" என்றார் மேடம். "இந்த போனு கால் மணி கழிச்சி வரப்போற நம்பரை இப்பவே காட்டிக்கினு இருக்குது. அப்புறம் எப்புடித் தொறக்கும்?"

அந்தோணி எழுந்தேவிட்டார். "அவ்ளோதான! மணியைத் திருத்திட்டு இப்பவே போடலாம் மேடம்."

நானாக இருந்தால் போட்டிருப்பேன். காரணம் தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன? மேடம் மட்டும் மடியில் இருந்த விசைப்பலகையைக் கொடுக்கவில்லை.

"காரணம் இதுதான்னு நாம நெனைக்கிறோம். அது வேற, தெரியிறது வேற. ஒரே ஒரு வாட்டிதான் பாக்கி இருக்குது. சார், உங்க கணக்குக்கும் இதே பூட்டுதான?"

"இதே பூட்டுதாங்க. மலைக்கு வந்து போறதால நானும் இந்தச் செயலியத்தான் வச்சிருக்கேன்."

"அப்போ முதல்ல உங்களதுல போட்டுப் பாப்போம். பூட்டிக்கினா உங்களது பூட்டிக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணக்கு பூட்டிக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை, எனக்கு இரண்டு நாள் ஓய்வு. மேடம் சொன்னபடியே முதலில் என் போனை மலை நேரத்துக்குத் தள்ளிவைத்து எண்ணைப் போட்டேன். தவறு என்றது. அந்தோணி வாய்விட்டு, "ஆங்!" என்றார். ஒரு பூட்டு திறக்காததற்கு மூன்று பேர் சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். பிறகு மணியைத் திருத்த வேண்டும். கம்ப்யூட்டரின் மூலையில் இணையத்திலிருந்து வரும் சரியான மணி ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அங்கே நிமிடம் மாறுகிற கணத்தில் அந்தோணி, "இப்போ!" என்றார், நான் தட்டினேன். புது எண்ணைப் போட்டேன். என் கணக்கு திறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

கோகிலாவின் அப்பா எழுந்து நின்றார். நானும் அந்தோணியும் வாசல் பக்கம் திரும்பினோம். மேடம் பஸ் பக்கம் திரும்பவே இல்லை. விசைப்பலகையை மேசைமேல் வைத்தார். அடுத்த நிமிடம் மாறும் வரை காத்திருந்து, தன் போனின் மணியைத் தானே திருத்தினார்.

"அண்ணே, அது மேல போற சத்தம். திரும்பி வரும். நீங்க உக்காருங்க" என்றார் அப்பாவிடம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் உட்காரவில்லை, ஆனால் போகவும் இல்லை.

எண் புதிதாக மாறட்டும் என்று ஒரு சுற்றுக் காத்தார். எண்ணை அடிப்பதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தார். நானும் அந்தோணியும் அவருடைய தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

அந்த நிலையிலும்! நாங்கள் இருவரும் வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்கள் மாதிரி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். பின்னால் விசைகள் ஒவ்வொன்றாக அமுங்குவது கேட்டது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அந்தோணி சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

"தொறந்துக்கிச்சி" என்றார் மேடம்.

அந்தோணி சட்டென்று உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார். மேடம் கோகிலாவை அருகில் கூப்பிட்டு, அவளுடைய பெயர், அப்பா பெயர், பிறந்த நாள், பாடங்கள் ஒவ்வொன்றையும் அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பஸ் திரும்பி வந்து வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. அவசரப்பட்டு ஓர் எழுத்து மாறிப்போனால் அது வேறொரு பெண்ணின் பெயராகிவிடும் என்பது மேடத்துக்குத் தெரியும். முழுவதையும் அவள் படித்து முடித்த பிறகுதான் பதிவு செய்ய விட்டார். பதிவாகிவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. அப்போதுதான் மேடம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "பயந்துட்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். "செத்தே போயிட்டேன் சார்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, தைரியம் என்றால் பயப்படாமல் இருப்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த அம்மாளுக்கு எங்கள் எல்லோரையும்விட ஜாஸ்தி பயம் இருந்தது, ஏனென்றால் அவர்தான் அந்தப் பெண்ணுக்காகப் பஸ் ஏறி எஸ்டேட் வரைக்கும் போனவர். அந்தப் பயத்தை மடியில் விசைப்பலகையோடு சேர்த்து வைத்துக்கொண்டு, எதை வைத்து இது வேலை செய்கிறது என்று கேட்டார். கடைசி முயற்சியை வீணாக்க மறுத்தார். நாளைக்கு உங்கள் முன்னால் சிவப்பு எழுத்து வந்து நிற்கும்போது, சுற்றிலும் பத்துப் பேர் கத்தும்போது, முதலில் கையை எடுங்கள். பிறகு கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். நானே இன்றுவரை புதிதாக யாருக்காவது இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தால், எண்ணைக் கேட்பதற்கு முன்னால் மணி என்ன என்று கேட்கிறேன்.

அன்றைய பகல் இன்னும் முடியவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். கோகிலாவின் அப்பா திரைக்கு அருகே வந்து, மகளின் பெயரைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்தார். கோகிலா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மேடத்திடம் மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், இனிமே யாராச்சும் வந்து என் பேரை எடுத்துட முடியுமா?"

"முடியாது" என்றார் மேடம். கையிலிருந்த போனைக் காட்டினார். "எடுக்கணும்னா இதுல வர்ற நம்பரு வேணும். இது எங்கிட்டத்தான் இருக்குது."

அப்பா அந்த போனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மகளின் தலைமேல் ஒருமுறை கையை வைத்து எடுத்தார்.

"யாரு கேட்டாலும் குடுத்துடாதீங்க டீச்சரம்மா" என்றார். "நாளைக்கி நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க."

சொல்லிவிட்டுத் தனியாகப் போய் பஸ் ஏறினார்.